பார்க்க மட்டும் அனுமதி

விஜயகலாவை அவள் வேலை செய்த கந்தோரில் ‘பூட்டு மிஸ்’ என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இருந்ததில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாதவள்போல இருந்தாள். உள்ளூர அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்று அங்கே வேலை செய்து அவளோடு ஒன்றாகச் சாப்பிட்ட நூரியா பிறகொரு நாள் சொன்னாள்.

தெரணியகலைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் விஜயகலா. தோட்டங்களை அரசாங்கம் கம்பெனிகளின் கையில் கொடுத்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் அவள் சாதாரணதரப் பரீட்சை எழுதினாள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா இலட்சுமி இறப்பர் மரங்களில் பால் வெட்டினாள். மகளையும் தோட்ட வேலைக்கு, ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அனுப்பும்படி சொன்னவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல், புளத்கொகுபிட்டியில் இருந்த தன் தம்பி வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டாள். அங்கே உயர்தரப் படிப்பு. பிறகு அவிசாவளையில் கணினி வகுப்பு. சிங்களமும் ஆங்கிலமும் அங்கே வந்து சேர்ந்தன. தொண்ணூற்றொன்பதில் கம்பெனியின் பிராந்தியக் கந்தோரில் தரவு பதியும் வேலை கிடைத்தது. தெரணியகலை வீதியில், ஒரு வளைவில், பழைய துரை பங்களாவைத் திருத்திக் கட்டிய கந்தோர் அது. அங்கே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த முதல் லயத்துப் பிள்ளை அவள்தான்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக் கணினியும் தனித்தனி உலகம். ஆள் வரவு ஒரு புரோகிராமில், பால் நிறை இன்னொன்றில், ஸ்டோர் சாமான் வேறொன்றில். ஒன்றின் கணக்கு மற்றதற்குப் புரியாது. இரண்டாயிரத்து நாலில் கொழும்புத் தலைமைக் கந்தோர் ஒரு மென்பொருளை வாங்கியது. எல்லாத் தோட்டங்களின் தரவையும் மாலையில் தொலைபேசி வழியாக இழுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும். அதைக் கற்றுக்கொள்ளப் பிராந்தியத்திலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். போக வேறு யாரும் விரும்பாததால் விஜயகலா போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பொறுப்பு இருந்தது. எல்லாத் தரவும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால், கதவு திறந்த வீடு மாதிரி யாரும் எதிலும் கை வைக்கலாம். ஸ்டோர்காரர் ஆள் வரவைத் திருத்தலாம். ஒரு தோட்டத்துக் கிளாக்கர் இன்னொரு தோட்டத்தின் நிறையை மாற்றலாம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம், யார் எதை எழுதலாம் என்று பிரிக்கவேண்டும். அந்த அனுமதிகளைக் கொடுக்கவும் எடுக்கவும் கூடிய அட்மின் உரிமை பிராந்தியத்தில் அவள் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

அதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிளாக்கர் லீவில் போனால் மற்றவர் அவருடைய பெயரில் உள்ளே போகப் பார்ப்பார். விஜயகலா விடமாட்டாள். ஆளுக்கு ஒரு பேரு, லீவுல போனவர் பேரு அவர் வரும்வரைக்கும் தூங்கட்டும், வேலை செய்யணும்னா ஒங்க பேர்ல அனுமதி கேளுங்க என்பாள். பிராந்திய மெனேஜர் அபேரத்ன ஒருமுறை எல்லோருடைய ரகசியச் சொற்களையும் ஒரு தாளில் எழுதித் தன் மேசைக்கு அனுப்பச் சொன்னார். அவை தனக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்படி நாலு வருடம் போனது. யுத்தம் வடக்கில் மும்முரமாகிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டில், ஒரு கூட்டத்துக்காக அவள் கொழும்புக்குப் புறப்பட்டாள். தலைமைக் கந்தோர் கேட்ட தரவுப் பிரதி ஒரு சீடியில் அவள் கைப்பைக்குள் இருந்தது. நகரத்துக்குள் நுழையும் இடத்தில் பொலிசார் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் இறங்கச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது. சீடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் பெயர்களும் விலாசங்களும் என்று உண்மையைச் சொன்னாள். இத்தனை ஆயிரம் தமிழ்ப் பெயர்களை ஏன் பையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறாய் என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவள் சிங்களத்தில் தெளிவாகச் சொன்ன பதில் அவர்களுடைய சந்தேகத்தைக் கூட்டியது. இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே கற்றாய் என்று கேட்டார்கள்.

ஓர் இரவும் அடுத்த பகலும் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். கந்தோருக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லி அவள் மன்றாடியதில் ஒரு சார்ஜன்ட் எடுத்தார். பேசிவிட்டு வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்க மெனேஜர் மஹத்தயாவுக்கு ஒன்னத் தெரியுமாம். ஆனா பொறுப்பெடுக்க முடியாதாம்.”

அவளை வெளியே கொண்டுவந்தவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி. சங்கத்தில் இருந்த ஒரு லோயரைப் பிடித்து, கிராம சேவகரின் கடிதத்தோடு வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். பஸ்ஸில் வரும்போது அவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.  அழுதுவிடுவாளோ என்று அவர் பயந்தார். பொலிசார் தன்னை அறியாதவர்கள், ஒன்பது வருடமாகத் தினமும் முகம் பார்த்த அபேரத்னவுக்கு என்ன வந்தது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. அது உள்ளே நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நூரியா மட்டும் எழுந்து வந்து தோளில் கை வைத்தாள். விஜயகலா கணினியைத் திறந்து தன் பெயரைத் தட்டினாள். உள்ளே விட்டது. ஆனால் வழக்கமாக மேலே இருக்கும் பகுதி, பயனர்களைச் சேர்க்கும் பகுதி, இல்லை. தோட்டங்களின் பட்டியல் தெரிந்தது. ஒன்றைத் திறந்து ஒரு எண்ணைத் திருத்தப் பார்த்தாள். உங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மென்பொருள் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். மறுமுனையில் பேசிய பையன் தடுமாறினான். மிஸ்ஸுக்கு இன்னும் சொல்லவில்லையா என்று கேட்டான்.

அபேரத்னவின் அறைக்குள் அவள் தட்டாமல் போனாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தலைமைக் கந்தோரில் பாதுகாப்புக்கென்று புதிதாக வந்திருக்கும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியின் உத்தரவு என்றார். நாட்டு நிலைமை சரியில்லை, தற்காலிகம்தான், தனக்கு அவள்மேல் துளியும் சந்தேகம் இல்லை என்றார்.

“சந்தேகம் இல்லன்னா அன்னைக்குப் போன்ல ஏன் சேர் அப்படிச் சொன்னீங்க?”

அவர் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்போலத் தொடர்ந்தார். அட்மின் உரிமை இனி ருவனின் பெயரில் இருக்கும். அவளுடைய சம்பளம் மாறாது, மேசை மாறாது, வேலையும் மாறாது. பெயர் மட்டும் அவனுடையது.

ருவன் அவளுக்கு உதவியாளாக வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞன். நல்ல பையன், பயந்தவன். வேலை அவனுக்குப் பாதிதான் தெரியும். மத்தியானம் அவள் மேசைக்கு வந்து ஒரு சிறு துண்டுத் தாளை விசைப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவனுடைய ரகசியச் சொல். மோட்டார் சைக்கிளின் நம்பர். “அக்கா வழக்கம்போலச் செய்யுங்க, நான் ஒன்னும் கேக்கமாட்டேன்” என்று சிங்களத்தில் சொன்னான்.

அவள் செய்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கே தாளைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்துவிட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, மலை ஏறி வேலைக்குப் போக முடிந்தது பாதி நாள்தான். வீட்டுக்கு வந்த ஒரே நிரந்தரச் சம்பளம் இவளுடையது. அதனால் காலையில் வந்து ருவன் என்று தட்டி, மோட்டார் சைக்கிள் நம்பரைத் தட்டி, அவன் பெயரில் அனுமதிகள் கொடுத்தாள், எடுத்தாள். யாரும் யாருடைய பெயரிலும் உள்ளே போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். தோட்டத்துக் கிளாக்கர்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். ஒருவர் தொலைபேசியில், இப்ப மிஸ்ஸும் நம்மள மாதிரிதானே என்று சிரித்தார். அவள் ரிசீவரை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அந்த மாதங்களில் அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பாதியில் மூடிவிடுவாள் என்றும், விசைகளை அடிக்கும் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும் என்றும் நூரியா சொன்னாள்.

ஒக்டோபரில் கொழும்பிலிருந்து இருவர் சோதனைக்கு வந்தார்கள். எல்லாப் பிராந்தியங்களிலும் யாருக்கு என்ன அனுமதி என்று பார்த்துக்கொண்டு வந்தவர்கள். இரண்டு நாள் இருந்தார்கள். போகும்முன் எல்லோரையும் கூட்டித் தேநீரும் கேக்கும் கொடுத்து, கம்பெனியிலேயே ஒழுங்கான அமைப்பு இங்கேதான் இருக்கிறது என்றார்கள். ஓய்வு பெற்றவரின் பெயர் அன்றைக்கே மூடப்பட்டிருக்கிறது, ஒருவருக்கும் தேவைக்கு மேல் உரிமை இல்லை, மற்றப் பிராந்தியங்கள் மிஸ்டர் ருவனிடம் வந்து பாடம் படிக்கவேண்டும். அபேரத்ன கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ருவன் எழுந்து நின்றான். கழுத்துவரைக்கும் சிவந்துபோனான். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்வான் என்று விஜயகலா அவனையே பார்த்தாள். அவன் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அடுத்த நாள் காலையில் அவள் துண்டுத் தாளை எடுத்து ருவனின் மேசையில் வைத்தாள். “இது ஒன்னோடது” என்றாள். பிறகு தன் பெயரில் கணினியைத் திறந்தாள். அவளுக்குப் பார்க்க அனுமதி இருந்தது. பார்த்தாள். மாலைவரை பார்த்தாள். தொலைபேசி வரும்போதெல்லாம் ஒரே பதில்: எனக்கு அனுமதி இல்லை, ருவனிடம் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்த கிளாக்கருக்குப் பெயர் வேண்டுமா, ருவன். ரகசியச் சொல்லை மறந்து பூட்டுப்பட்டவரா, ருவன். நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள். அபேரத்ன இரண்டுமுறை கூப்பிட்டு அதட்டினார். கொடுத்த உரிமைக்குள் என்ன செய்யமுடியுமோ அதைத்தானே சேர் செய்கிறேன், வேறொருவர் பெயரில் செய்வது வேலைநீக்கத்துக்குரிய குற்றம் என்று கம்பெனி விதியே சொல்கிறது என்றாள். அவர் மேசையில் அடித்தார். அவள் நகரவில்லை.

ருவன் தன்னால் ஆனதைச் செய்தான். ஒரு தோட்டத்தில் புதிதாக வந்த கிளாக்கருக்கு அனுமதி கொடுக்கவேண்டியிருந்தது. எங்கே எல்லை போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். அந்தக் கிளாக்கர் தன் தோட்டத்து ஆள் வரவை ஏற்றும்போது தவறுதலாக இன்னொரு தோட்டத்தின்மேல் ஏற்றிவிட்டார். அந்தத் தோட்டத்தின் மாதம் முழுவதும் அழிந்து, அதன் இடத்தில் யாரோ ஊர்பேர் தெரியாத மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சம்பளம் போடும் வேளையில்தான் அது தெரிந்தது. சம்பளம் நின்றது.

அது விஜயகலாவின் அம்மா வேலை செய்யும் தோட்டம்.

மாலையில் அவள் லயத்துக்குப் போனபோது பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இலட்சுமி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஒன் கோவம் ஆபிஸ்ல இருக்கட்டும் கலா. அத எங்க அடுப்புல ஏன் கொண்டாந்து வைக்கிற?”

விஜயகலாவுக்கு அம்மாமேலும் கோபம் வந்தது. அழித்தது தானில்லை என்று சொன்னாள். உன்னால் சரிசெய்ய முடியுமா முடியாதா என்று அம்மா கேட்டாள். முடியும். அதை அவள் மனமில்லாமல் சொன்னாள். சற்றுப் பொறுத்துப் பழனியாண்டி வந்தார். அவர் அதட்டவில்லை. உன் சண்டை நியாயம்தான், ஆனால் லயத்துக்காரனிடம் போய் அனுமதி, உரிமை என்றால் அவனுக்கு என்ன விளங்கும், அவன் கடைக்குப் போகவேண்டும் என்றார்.

“அவங்களுக்குத்தான் தலைவரே இது நல்லா வெளங்கும்” என்றாள் அவள். “ஒழைக்கிறது நீ, பேரு அவனுக்குன்னா எந்த லயத்துல வெளங்காது?”

பழனியாண்டி தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். பிறகு, நாளைக்கு நானும் ஆபிசுக்கு வாரேன் என்றார்.

மறுநாள் காலை இருவரும் அபேரத்னவின் முன் நின்றார்கள். தோட்டத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது. சரிசெய்வதாகவும், ஆனால் ருவனின் பெயரில் செய்யமாட்டேன் என்றும் அவள் சொன்னாள். உத்தரவு போட்ட அதிகாரியிடம் இப்போதே, எல்லோர் முன்னாலும், தொலைபேசியில் பேசவேண்டும். அபேரத்ன முடியாது என்றார். பழனியாண்டி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துரைமார் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் அபேரத்ன எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கியில் போட்டார்.

விஜயகலா சிங்களத்தில் பேசினாள். குரல் உயரவில்லை. ஒரு தோட்டத்தின் மாதம் அழிந்துவிட்டது. தோட்டத்துக் கணினியில் மூலப்பிரதி இருக்கிறது. தவறாகக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு அதைத் திரும்ப ஏற்றவேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியும், ஆனால் என் பெயருக்கு உரிமை இல்லை. சோதனைக்கு வந்த உங்கள் ஆட்கள் பாராட்டிய வேலையும் என்னுடையது, ருவனின் பெயரில் செய்தது. இப்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

 ருவன் கதவோரம் நின்றான். அது உண்மையா என்று அதிகாரி கேட்டார். அபேரத்ன பதில் சொல்லாததால் ருவன்தான் ஆமாம் சேர் என்றான். இன்றைக்கு மட்டும் அவளுடைய உரிமையைத் திறந்துவிடுவதாக அதிகாரி சொன்னார்.

“இன்னைக்கு நம்புறீங்க, நாளைக்குச் சந்தேகப்படுவீங்களா சேர்?”

“மிஸ், வேலையைப் பாருங்க” என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

வேலையைப் பார்த்தாள். மத்தியானம் கழிவதற்குள் தோட்டத்து ஆள் வரவு திரும்பி வந்தது. அம்மாவின் பெயரும் அதில் வந்தது. சம்பளம் ஒருநாள் பிந்திக் கொடுத்தார்கள். கந்தோரில் இருந்தவர்கள், இனி உரிமையை எடுக்கமாட்டார்கள், அவர்களுக்கும் மூளை இருக்கிறதே என்றார்கள். விஜயகலாவும் அப்படித்தான் நினைத்தாள். அந்த இரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் தன் பெயரைத் தட்டியபோது மேலேயிருந்த பகுதி மறுபடியும் இல்லை.

அவள் அன்றே விலகல் கடிதம் எழுதினாள். ஒரு குற்றமும் செய்யாத தன் உரிமையைத் தமிழ்ப் பெண் என்பதற்காக எடுத்து, தன் வேலையை வேறொருவர் பெயரில் செய்விக்கிறார்கள், அதனால் விலகுகிறேன் என்று மூன்று வரி. அபேரத்ன வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சொந்தக் காரணம் என்று மாற்றி எழுதித் தரும்படி கேட்டார். இதை வைத்துக்கொண்டு சேவைச் சான்றிதழ் தரமுடியாது என்றார். பத்து வருட வேலை, சான்றிதழ் இல்லாமல் எங்கே போவாய் என்று உண்மையாகவே வருந்துபவர்போலக் கேட்டார். அவள் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. சான்றிதழ் இன்றுவரை வரவில்லை.

ஓப்பநாயக்க என்ற ஊர் வரைக்கும் போய் அவள் வேலை கேட்ட இடத்திலெல்லாம் சான்றிதழ் எங்கே என்றார்கள். கடைசியில் இரத்தினபுரியில் ஒரு கணினி வகுப்பு நடத்திய ஜமால்தீன் அவளை வேலைக்கு எடுத்தார். நூரியாவின் உறவு. சம்பளம் பாதிதான். ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாங்களும் கொஞ்சம் பார்த்திருக்கிறோம் தங்கச்சி என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் பட்டாசு, பாற்சோறு. ஜூனில் அபேரத்ன தொலைபேசி எடுத்தார். அவளுடைய இடத்துக்கு இருவரைப் போட்டும் சரிவரவில்லை என்று நூரியா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அபேரத்ன சுகம் விசாரித்தார், அம்மாவின் முழங்காலை விசாரித்தார். இப்போது நிலைமை சரியாகிவிட்டது, திரும்ப வரலாம், அட்மின் உரிமை அவள் பெயரிலேயே இருக்கும் என்றார்.

“நெலம சரியானதால நான் நல்லவளாகிட்டேனா சேர்?”

பழையதை மறக்கவேண்டும் என்றார். சரி, என் கடிதத்தில் இருப்பது உண்மை என்று ஒரு வரி எழுதி, கம்பெனி முத்திரை குத்தி அனுப்புங்கள், வருகிறேன் என்றாள். அது தன் கையில் இல்லை என்றார் அவர். தனக்கு அந்த அதிகாரம் இல்லையாம்.

அவள் ரிசீவரை வைத்தாள். வகுப்பறைக்குள் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அழுத்தி எழுதியதில் சோக்கட்டி இரண்டாக உடைந்தது என்று பின்னர் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதற்கு, இன்னும் எத்தனை நாளைக்குப் புள்ள இந்தக் கோவம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் விஜயகலா.

மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க அவள் தெரணியகலை பஸ்ஸில் வருவாள். கந்தோர் இருக்கும் வளைவில் பஸ் மெதுவாகும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. பஸ் வளைவைக் கடக்கும்வரை அந்தக் கட்டடத்தை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.